மாறியிருக்கு

பெங்களூர்
9 ஜனவரி 2024

கனகதாஸ் அண்ணனுக்கு ஜெஸ்மி எழுதுவது.

என் நம்பரை அண்ணன் பிளாக் செய்துவிட்டதால் தபாலைப் பிடித்திருக்கிறேன். பிரிக்காமல் கிழித்துவிடாதீர்கள். என்னைத் திட்டுவதற்காகவாவது முழுதும் வாசியுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நான் போனில் கத்தியது தப்புதான். "மூளைய எங்க கொண்டு கழத்தி வெச்சிய" என்று அண்ணனைக் கேட்டிருக்கக் கூடாது, அதுவும் அம்மா பக்கத்தில் நிற்கும்போது. ஆனால் என் நிலைமையையும் யோசியுங்கள். ஷீஜாவுக்குப் புது ஊசி தொடங்கி ஒரு மாதம் ஆகிவிட்டது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவளே சொன்னாள். நவம்பர் கடைசியில் கூப்பிட்டு, மருந்து தொடங்கியாச்சா என்று கேட்டேன். "ம், உண்டு" என்றாள். கிறிஸ்துமஸ் அன்றைக்கு அம்மா என்னடா என்றால், ஷீஜாவுக்காகச் சபையில் ஸ்தோத்திர ஆராதனை வைத்ததையும், அப்பமும் கோழிக்கறியும் விளம்பியதையும், அவள் இப்போது ஒரு மாத்திரைகூடத் தொடுவதில்லை என்பதையும் சந்தோஷமாகச் சொல்கிறாள். 

திரும்பவும் சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஷீஜாவின் மார்பிலிருந்து எடுத்த கட்டியில் ஒரு துண்டை ஆஸ்பத்திரியில் மெழுகில் பதித்து வைத்திருந்தார்கள். போன அக்டோபரில் ஈரலில் தெரிந்த புள்ளியிலிருந்து ஊசியால் கொஞ்சம் சதை எடுத்தார்கள். இரண்டையும் அண்ணன்தான் எங்கள் லேபுக்கு அனுப்பினீர்கள். இரண்டிலிருந்தும் மரபணுவைப் பிரித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது நான்தான். ஈரலில் இருப்பது புதிய தீனம் இல்லை, அதே பழைய புற்றுநோய்தான். மார்பில் இருந்ததுதான் ரத்தத்தில் நடந்து அங்கே போய்க் குடியிருக்கிறது. ஆனால் போன இடத்தில் அது பழைய சுபாவத்தோடு இல்லை. ஷீஜா தினமும் தின்ற மாத்திரை எந்த இடத்தில் போய்ப் பூட்டுமோ, அந்த இடத்தின் மரபணுவே பிசகிக் கிடக்கிறது. மாத்திரை இனிமேல் பூட்டாது. அதற்கென்று வேறு ஊசி உண்டு. அதைத் தொடங்கத்தான் டாக்டர் நவம்பர் இருபத்தேழில் வரச் சொன்னார். நீங்கள் போகவில்லை.

ஏன் அண்ணா? ஜெபத்திலேயே சுகமாகிவிட்டது என்று யார் சொன்னது? நானும் அந்தச் சபையில் வளர்ந்தவள்தான். ஊசி போடாதே என்று கர்த்தர் எங்கேயும் சொல்லவில்லை.

அண்ணனுக்கு அவள் மனைவி. எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. மைனி என்று கூப்பிடச் சொல்லி அம்மா எவ்வளவோ கண்டித்தும் என் வாயில் ஷீஜா என்றுதான் வந்தது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பிறகு என்னோடு எத்தனை வருஷம் வேண்டுமானாலும் பேசாமல் இருங்கள்.

ஜெஸ்மி


பாறசாலை
17.1.2024

ஜெஸ்மிக்கு,

கடிதத்தின் தலையில் ஸ்தோத்திரம் என்று எழுதவில்லை. கோபத்தில் எழுதுகிற எழுத்தில் கர்த்தரை இழுக்க வேண்டாம் என்றுதான்.

ஜெபத்தில் சுகமானது என்று நான் எப்போது சொன்னேன்? நீ சொன்னதையாக்கும் நான் சபையில் சொன்னேன். அதற்குள் மறந்துபோச்சா? நவம்பர் பதினெட்டு, சனிக்கிழமை. உதியன்குளங்கரைக் கடையில் வண்டியிலிருந்து வாழைக்குலை இறக்கிக்கொண்டிருந்தேன். உன் வாய்ஸ் மெசேஜ் வந்தது. அது இன்னமும் போனில் கிடக்கிறது. கேட்டுக் கேட்டு வார்த்தைக்கு வார்த்தை எழுதுகிறேன்.

"அண்ணா, ரிசல்ட் வந்திருச்சு. ஷீஜாவோட செல் எல்லாம் மாறியிருக்கு. ரொம்பத் தெளிவாத் தெரியுது. அந்தப் பழைய மாத்திரை இனிமே வேண்டாம், நிறுத்திரலாம். மிச்சத்த டாக்டர் நேர்ல சொல்வாரு. நான் மீட்டிங்குக்கு ஓடிட்டிருக்கேன். கவலையே படாதீங்க."

சொல்லும்போது உனக்குச் சிரிப்பு வேறு. சந்தோஷம் பொங்குகிற குரல்.

மாறியிருக்கு என்றவள் நீ. மாத்திரை வேண்டாம் என்றவள் நீ. தீனம் மாறின பிறகு எனக்கு ஆசுபத்திரியில் என்ன வேலை? அங்கே இருந்து ஒரு சிஸ்டர் கூப்பிட்டு, ஏன் வரவில்லை என்று மலையாளத்தில் கேட்டாள். "மாறி சிஸ்டரே, இனி வரேண்டல்லோ" என்றேன். சரி என்று வைத்துவிட்டாள். அவளுக்கே அதில் ஒரு குற்றமும் தோன்றவில்லை.

அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியாது. குலையை அப்படியே ரோட்டில் போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். ஷீஜா வேலையில், அக்ஷயா இ-சேவை சென்டரில் இருந்தாள். பனச்சமூட்டில் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர் ஒருவருக்குத் தமிழ்ப் பத்திரத்தை வாசித்து மலையாளத்தில் ஆக்கிக்கொண்டிருந்தாள். அவ்வளவு பேர் முன்னால் போனை அவள் செவியில் வைத்தேன். "மாறிப்போச்சுட்டீ, ஒனக்க தீனம் மாறிப்போச்சு" என்று சத்தம் போட்டேன். அவள் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாலு வருஷமாச்சு.

இப்போது நீ மாற்றிப் பேசுகிறாய். உன் குரலைப் போதகருக்கும் போட்டுக் காட்டினேன், அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். சபை முழுக்கக் கேட்டுக் கைதட்டியது. நான் கள்ளச்சாட்சி சொன்னவனா? ஷீஜா நல்லாட்டு தின்கிறாள், பாடுகிறாள், முதுகு வலியும் இல்லை என்கிறாள். மருந்து தொடங்கியாச்சு என்று அவள் உன்னிடம் சொன்னாளாம். அவள் எதற்கு அப்படிச் சொல்ல வேண்டும்? எல்லாவற்றையும் எங்கள் தலையில் வைக்காதே.

நீ பெரிய படிப்புக்காரி. இருக்கட்டும். எனக்க செவி ரெண்டும் நல்ல செவியாக்கும்.

கனகதாஸ்


பெங்களூர்
23 ஜனவரி 2024

அண்ணா,

உங்கள் கடிதத்தை லேப் மாடிப்படியில் நின்றபடியே வாசித்தேன். அந்த ஒரு வார்த்தைக்கு வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான் சொன்ன மாறியிருக்கு வேறு, அண்ணா. வேறு.

நம் வீட்டில் தலைவலி மாறிச்சா, பனி மாறிச்சா என்று கேட்போம். மாறினால் போயே போச்சு, சுகமாச்சு. நானும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். பனி பிடித்து உடம்பு கொதிக்கக் கிடந்தால் அம்மா நெற்றியில் கை வைத்து மாறிச்சு என்று சொன்ன பிறகுதான் பள்ளிக்கூடம் போவேன். இங்கே பன்னிரண்டு வருஷமாக மதுரைக்காரியோடும் சேலத்துக்காரனோடும் பேசிப் பேசி என் வாயில் அந்த மாறி செத்துவிட்டது. இவர்களுக்கு மாறுவது என்றால் ஒன்று வேறொன்றாக ஆவது. ஷீஜாவின் செல் போகவில்லை அண்ணா. அது வேறாக ஆகியிருக்கிறது. அதைத்தான் சொன்னேன். என் சொந்த அண்ணனோடு வெளியூர்க்காரியாகப் பேசியிருக்கிறேன்.

சந்தோஷக் குரல் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். மாத்திரை ஏன் கேட்கவில்லை என்று மாதக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது, அதற்கு மருந்தும் இருக்கிறது. லேபில் இருக்கிறவளுக்கு அது ஒரு சந்தோஷம். அந்தச் சிரிப்போடு போனை எடுத்தேன். இப்போது நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்ததை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். செந்துளுவன் வாழையில் எப்போதாவது ஒரு மூட்டிலிருந்து பச்சைக் கன்று முளைக்கும் என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். தண்டு பச்சை, குலை தள்ளினால் காயும் பச்சை. வித்து வேறில்லை, அதே மூடுதான். உள்ளே எழுதியிருப்பதில் எங்கேயோ ஒரு எழுத்து பிசகினது, அவ்வளவுதான். புற்றுநோய் செல்லும் தன்னைத் தானே படியெடுத்துப் படியெடுத்துத்தான் பெருகும். ஒவ்வொரு படியிலும் பிழை சேரும். எந்தப் பிழை மாத்திரையிலிருந்து தப்பவைத்ததோ, அந்தப் பிழை உள்ளது பிழைத்துக்கொண்டது. மார்பிலிருந்தது சிவப்பு என்றால் ஈரலில் இருப்பது பச்சை. சிவப்புக்குக் கொடுத்த மருந்து பச்சையை ஒன்றும் செய்யாது.

தப்பு என்னுடையது. சபையில் அப்படியே சொல்லுங்கள். ஜெஸ்மி சொன்னது பிசகு என்று என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. ஷீஜா என்னிடம் ஏன் உண்டு என்றாள்? அதை அவளிடம் கேளுங்கள். இல்லை, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கேட்பதெல்லாம் பிறகு.

ஜெஸ்மி


பாறசாலை
6.2.2024

ஜெஸ்மிக்கு,

பச்சைக் கன்று வந்தால் நான் அதைத் தோண்டித் தூர எறிந்துவிடுவேன். எழுதும்போது அதை நீ யோசித்தாயா?

உன் கடிதம் வந்ததும் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சும்மா பனச்சமூட்டுக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு சாயா குடித்தேன், திரும்பி வந்தேன். வழியெல்லாம் ஷீஜாவிடம் எப்படிச் சொல்வது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். மாறிப்போச்சு என்று ஊரறியக் கூவினவன் நான். மாறவில்லை என்று எந்த வாயால் சொல்லுவேன்?

கடைசியில் உன் கடிதத்தையே அவள் கையில் கொடுத்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு வாசித்தாள். அழவில்லை. மடக்கித் திரும்பத் தந்தாள். "செரி, போவோம்" என்றாள். அவ்வளவேதான். நான்தான் அழுதேன். நானாக்கும் உன்னைக் கொன்னது என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் ஈரக்கையால் என் வாயைப் பொத்தினாள். ஜெஸ்மியிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டதற்கு, "அவ என்னமோ கேட்டா, நான் என்னமோ சொன்னேன்" என்றாள். அதற்குமேல் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

ஆசுபத்திரிக்குப் போவதற்குள் கண் மஞ்சளித்துவிட்டது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். நவம்பரில் வந்திருக்கலாமே என்றார். ஈரல் கெட்டுவிட்டதால் அந்த ஊசியை முழு அளவுக்குப் போட முடியாதாம், குறைத்துத்தான் போட்டார்கள். மாறுமா டாக்டரே என்று வாய்வரைக்கும் வந்தது. அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, பிழைப்பாளா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார்.

அம்மா வராத ஒரு நாள் சபையில் சொல்லிவிட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை. நான் கேட்டதில் பிசகு என்று சொன்னேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. அம்மாவுக்கு மட்டும் முழுதும் சொல்லவில்லை. மஞ்சக்காமாலை என்றிருக்கிறேன். பாவம், தினமும் காலையில் கீழாநெல்லி பறித்து வந்து அரைத்துக் கொடுக்கிறாள். ஷீஜாவும் ஒரு சொல் சொல்லாமல் வாங்கிக் குடிக்கிறாள்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் கூப்பிடாதே. ஷீஜாவைக் கூப்பிடு, என்னைக் கூப்பிடாதே. உன் குரலைக் கேட்டால் எனக்கு அந்த மெசேஜ்தான் கேட்கும். சொல்ல உள்ளதை எழுது.

கனகதாஸ்


பெங்களூர்
14 மார்ச் 2024

அண்ணா,

வந்து இருந்துவிட்டுத் திரும்பியும் கடிதமே எழுத வேண்டியிருக்கிறது. நான் அங்கே இருந்த நாளெல்லாம் நீங்கள் விடிந்ததும் வாழை விளைக்குப் போனீர்கள், நான் அடுக்களையில் இல்லாத நேரம் பார்த்து வந்து தின்றீர்கள். குற்றம் சொல்லவில்லை. நானும் உங்கள் காலடிச் சத்தம் கேட்டால் ஷீஜாவின் அறைக்குள் போய்விட்டேன்.

அவள் இவ்வளவு மெலிந்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. போனில் குரல் பழையபடிதான் இருந்தது. தலை சீவிவிட்டேன், கஞ்சி கோரிக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் மலையாளப் பரீட்சைக்கு அவள் எனக்குக் காட்டிக் கொடுத்ததையும், தமிழ்ப் பரீட்சைக்கும் அவளே காட்டிக் கொடுத்ததையும் சொல்லிச் சிரித்தாள். உங்களைப் பற்றித்தான் அதிகம் பேசினாள். பிள்ளையில்லாத வீட்டில் இவரு ஒத்தைக்கு என்ன செய்வாரு என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

இன்னும் ஒன்று பேசினோம். அதை எழுத எனக்கு அனுமதி இல்லை.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நானே கொன்றேன் என்று சொல்லி அடித்துக்கொள்வதை விடுங்கள். அவள் அதைத் தாங்கவில்லை. கோபம் இருந்தால் என் மேல் வையுங்கள். சொன்னவள் நான். அப்படி வைத்துக்கொள்வதுதான் எல்லோருக்கும் நல்லது.

ஜெஸ்மி


பாறசாலை
3.6.2024

ஜெஸ்மிக்கு ஸ்தோத்திரம்.

ஷீஜாவின் அடக்கத்துக்கு நீ வந்தபோதும் நாம் பேசவில்லை. பேச முடிகிற நிலையில் நான் இல்லை. கல்லறையில் நீ என் கையைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது. கையை இழுத்துக்கொள்ளவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய்.

வீட்டில் அவள் சாமானெல்லாம் அப்படியே கிடக்கிறது. அம்மா ஒன்றையும் தொட விடமாட்டேன் என்கிறாள். நான் கடைக்குப் போகிறேன், வருகிறேன். ஆட்கள் அவளைப் பற்றிக் கேட்காமல் குலை விலை கேட்டுவிட்டுப் போகிறார்கள், அதற்கு நன்றி.

ஒரு காரியத்துக்காக எழுதுகிறேன். கடைசியாக ஆசுபத்திரியில் கிடக்கும்போது ஒரு நாள் ஷீஜா, "ஜெஸ்மிக்க அந்த வாய்ஸ போடுங்க" என்றாள். எனக்கு வெறி வந்தது. வேறு வேலை இல்லையா என்று கடுப்படித்தேன். அவள் விடவில்லை. போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு, "பாவம் ஜெஸ்மி. அவ செரியாத்தான் சொல்லியிருக்கா, பத்திரத்துல எழுதியிருக்க மாதிரி" என்றாள்.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. போன வாரம் அக்ஷயா சென்டரில் அவளுடைய பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். போனேன். அவள் இருந்த இடத்தில் இப்போது ஒரு புதுப் பெண் இருக்கிறாள். ஒரு ஆள் தமிழ்ப் பத்திரத்தை நீட்டி, பட்டா மாறியிருக்கிறது என்று எழுதியிருக்கிறதே, போய்விட்டதா, வேறு பெயருக்கு ஆகியிருக்கிறதா என்று கேட்கிறார். அந்தப் பெண் முழிக்கிறாள். நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

ஷீஜாவுக்கு அந்தச் சோறுதானே. தமிழை மலையாளமாகவும் மலையாளத்தைத் தமிழாகவும் ஆக்கிக் கொடுப்பதுதானே அவள் வேலை. எந்த மாறி எந்த இடத்தில் வரும் என்று இந்தத் தாலூக்கில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். அன்றைக்கு நான் போனை அவள் செவியில் வைத்தபோது அவள் என்ன கேட்டாள்?

ஜெஸ்மி, அவளுக்குத் தெரியுமா? அன்றைக்கே தெரியுமா? உன்னிடம் பேசினது அதுதானா? இதைக் கேட்க எனக்கு உன்னை விட்டால் ஆளில்லை. தெரியாது என்று நீ எழுதினால் நம்பிவிடுவேன். அதனால்தான் சொல்கிறேன், பொய் எழுதாதே.

கனகதாஸ்


பெங்களூர்
11 ஜூன் 2024

அண்ணா,

தெரியும்.

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு நாலு நாள் கடிதத்தை மூடி வைத்திருந்தேன். சொல்லக் கூடாது என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். நீங்களே கண்டுபிடித்த பிறகு அந்தச் சத்தியத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று தோன்றியது. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன், என் வார்த்தையில் எழுதினால் திரும்பவும் பிசகிவிடும்.

"எனக்குக் கேட்டதும் மனசிலாச்சுட்டீ. செல் மாறுகது வேற, தீனம் மாறுகது வேற. ஒனக்க அண்ணன் வாழைக்கறை பிடிச்ச துண்டோட ஓடி வந்து நிக்காரு. நான் மொகத்தப் பாத்தேன். நாலு வருசமாட்டு அந்த மொகத்த நான் கண்டிட்டில்ல. அப்படியில்லன்னு அந்நேரம் எப்படிட்டீ சொல்லுகது? ஒரு வாரம் சந்தோசமா இருக்கட்டும், பின்ன சொல்லுவோம்னு நெனச்சேன். அதுக்குள்ள ஸ்தோத்திர ஆராதன வெச்சிட்டாரு. சபைக்க முன்னால அவரு நாணங்கெட்டு நிக்கப்பிடாது இல்லியா. பின்ன கிறிஸ்மஸ் கழியட்டும்னு நெனச்சேன். பின்ன ஒனக்க கடுதாசி வந்தாச்சு."

முதுகு வலி இல்லை என்றாயே என்று கேட்டேன். இருந்ததாம். நீங்கள் விளைக்குப் போன பிறகு கட்டிலில் குப்புறக் கிடந்து தலையணையைக் கடித்துக்கொள்வாளாம். நீங்கள் வரும்போது எழுந்து சாயா போடுவாளாம். செத்துப்போக வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை, அதை நம்புங்கள். கொஞ்ச நாள் தள்ளிப் போட்டாலும் ஊசி கேட்கும் என்றுதான் நினைத்திருந்தாள். ஜெஸ்மி அவ்வளவு சிரிப்போடு சொன்னாள் என்றால் மருந்து நல்ல மருந்தாகத்தான் இருக்கும் என்று என் குரலை வைத்தே நம்பியிருக்கிறாள். அதைக் கேட்ட பிறகு எனக்கு உறக்கம் இல்லை.

நவம்பரிலேயே ஊசி போட்டிருந்தால் என்று நீங்கள் கேட்பீர்கள். முழுதாகச் சுகமாகியிருக்காது. ஒரு வருஷமோ, ஒன்றரை வருஷமோ கூட இருந்திருப்பாள். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. அதைச் சின்ன விஷயம் என்றும் சொல்லமாட்டேன்.

இது உங்களுக்கு ஆறுதலா, இன்னும் பெரிய அடியா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் உங்கள் பிசகில் சாகவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துச் செத்தாள்.

இன்னொன்று கேட்க வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள். அவள் மார்பிலிருந்து எடுத்ததும் ஈரலிலிருந்து எடுத்ததும் மிச்சம் எங்கள் லேபில் இருக்கிறது. மேலே பெயர் கிடையாது, எண்தான். வீட்டார் சம்மதித்தால் வைத்துக்கொண்டு படிப்போம். வேண்டாம் என்றால் அங்கே கொண்டு வருகிறேன், கல்லறையில் அவளோடு வைத்துவிடலாம். அதுவும் அவள்தான், அண்ணா. அவள் உடம்பின் எழுத்தில் எழுதியதுதான்.

ஜெஸ்மி


பாறசாலை
26.6.2024

ஜெஸ்மிக்கு ஸ்தோத்திரம்.

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. முதல் இரண்டு நாள் அவள் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். கல்லறைக்குப் போய் நின்றுகொண்டு, நீயாட்டு ஒண்ணைத் தீர்மானிக்கதுக்கு நான் யாருட்டீ ஒனக்கு என்று கேட்டேன். பூ வைக்க வந்த ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்க மொகத்த வெச்சு நான் என்ன செய்ய? சிரித்துக்கொண்டு அவள் பக்கத்தில் இருந்தேன் என்று நினைத்தால் கண்ணாடி பார்க்கவே முடியவில்லை. சவரம் செய்யக்கூட அம்மாதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீ சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு நாள் தோன்றுகிறது. சொன்னது நல்லது என்று மறுநாள் தோன்றுகிறது. நானே கொன்றேன் என்று இருந்தபோது அதில் ஒரு பிடி இருந்தது. இப்போது யாரைப் பிடிப்பது என்று தெரியவில்லை. உன்னையும் பிடிக்க முடியாது. நீ சொன்னது சரி, நான் கேட்டதும் எங்கள் ஊருக்குச் சரி. சரியாகச் சொன்னதும் சரியாகக் கேட்டதும் சேர்ந்து ஒரு ஆளைக் கொண்டுபோய்விட்டது.

லேபில் இருப்பதை இங்கே கொண்டு வரவேண்டாம். அதுவும் அவள்தான் என்று நீ எழுதியிருக்கிறாய். இருக்கலாம், உனக்குத்தான் தெரியும். ஆனால் அவளைத் தின்றதை அவளோடேயே அடக்கம் பண்ண நான் சம்மதிக்க மாட்டேன். அந்தப் பச்சைக் கன்றை நீயே வைத்துக்கொள். எங்கே பிசகினது என்று நன்றாகப் படி. வேறு ஒருத்திக்கு ரிசல்ட் சொல்லும்போது சிரிக்காமல் சொல்லு, அவள் செவியில் என்ன விழுந்தது என்று அவள் வாயால் சொல்ல வைத்துவிட்டுப் போனை வை.

இனிமேல் நீ கூப்பிடலாம். அந்த மெசேஜை நான் அழிக்கவில்லை. அதில் நீ சிரிக்கிறாய், பின்னால் வண்டிச் சத்தம் கேட்கிறது. இப்போது அதைக் கேட்டால் எனக்கு உன் குரல் மட்டும்தான் கேட்கிறது.

அம்மாவின் கணக்கில் ஷீஜாவுக்கு வந்தது இன்னும் காமாலைதான். கீழாநெல்லி சரியான நேரத்துக்குக் கொடுக்கவில்லை என்று தன்னையே திட்டிக்கொள்கிறாள். நேற்றுக் கடையிலிருந்து வந்து நடையில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து தோளைத் தொட்டுக் கேட்டாள், "மக்கா, சங்கடம் கொஞ்சம் மாறிச்சா லே?"

"மாறியிருக்கும்மா" என்றேன்.

எந்த மாறி என்று அவள் கேட்கவில்லை. முகம் தெளிந்து எனக்குச் சோறு எடுத்து வைக்கப் போனாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகம் அப்படி இருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கனகதாஸ்